எண்பத்தொன்று

எங்கள் ஊரின் பெயர் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவில் இருக்கிறது. கோட்டை பெயரில் இருக்கிறதே தவிர, தேடி வருகிறவர்களுக்குக் கைநீட்டிக் காட்ட அதிகம் ஒன்றுமில்லை. தேய்பிறை அட்டமி நாள்களில் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரும் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்து ஓவியங்களைப் பார்க்கச் சிலர் வருவர். அதியமான் கோட்டத்தில் அதியமானும் ஔவையும் சிலைகளாக நிற்கின்றனர். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் என் வாழ்நாளில் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த விளையாட்டின் கணக்கை எழுதுவதிலேயே கழிந்தன. ஒரு நாளும் நான் அதை ஆடியதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிழைப்பு என்றால் பெங்களூர்தான். நானும் 1978இல் பேருந்து ஏறினேன். பெரிய மனிதர்கள் உறுப்பினராக இருந்த ஒரு கோல்ஃப் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. செய்தியை ஊருக்கு வந்து சொன்னபோது, ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கும் கேடிகளின் கூலிக் கணக்கையும் நானே பார்க்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். என் தாயார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "படிச்ச பையன், போயும் போயும் கேடிங்க கூடவா வேலை செய்யப் போறே?" என்றார். நம் ஊரில் கேடி என்றால் காவல்நிலையத்துப் பட்டியலில் பெயர் உள்ளவன். அந்தச் சொல் வேறு, இந்தச் சொல் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

ஆட்டத்தை மட்டும் அவர் எளிதில் புரிந்துகொண்டார். கோலி ஆட்டத்தைப் பெரியவர்கள் பெரிய நிலத்தில் ஆடுகிறார்கள், பதினெட்டுக் குழிகள் உண்டு, குறைந்த அடியில் குழியில் போட்டவர் வென்றவர் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும், அதில் ஒரு விந்தையான ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ஹாண்டிகாப். சிறுவயதில் தெருவில் ஆடியபோது நம்மிலும் சிறியவன் ஒருவன் அழுதுகொண்டு வந்தால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் ஆடுவான், அவனுடைய வெற்றி தோல்வி கணக்கில் சேராது. கோல்ஃப் விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், அவனையும் கணக்கில் சேர்க்க வழி கண்டது. ஒரு திடலில் தேர்ந்த ஆட்டக்காரன் எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுமாராக ஆடும் ஒருவருக்குத் தொண்ணூறு அடி ஆகிறது. அவருக்குப் பதினெட்டு அடி சலுகை. அவர் தொண்ணூறில் முடித்தால் பதினெட்டைக் கழித்து எழுபத்திரண்டு என்று எழுதுவோம். இவ்வாறு இருபது வயது இளைஞரும் எழுபது வயது முதியவரும் ஒரே கோப்பைக்கு மெய்யாகவே போட்டியிடலாம். வேறு எந்த விளையாட்டிலும் இதை நான் இவ்வளவு நேர்த்தியாகக் கண்டதில்லை. அந்தச் சொல்லே பழைய ஆங்கிலப் பண்டமாற்று விளையாட்டு ஒன்றிலிருந்து வந்ததாம். இருவர் பொருள்களை மாற்றிக்கொள்ளும்போது, எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஈடு சேர்க்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். பணயப் பணம் தொப்பிக்குள் கிடக்க, இருவரும் அதற்குள் கையிட்டெடுத்து ஒப்புதலைக் காட்டுவர். தொப்பிக்குள் கை என்பதே சொல்லின் மூலம். பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போய், அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நூலில் தொங்குகிறது. ஆடியவர் தம் அடிகளை உள்ளபடி எழுதித் தர வேண்டும். பல ஏக்கர் நிலம், மரங்கள், புதர்கள். நடுவர் பின்னாலேயே வருவதில்லை. உடன் ஆடுபவர் ஒருவர் சீட்டில் எண்களைக் குறிப்பார். முடிவில் அவரும் ஆடியவரும் கையொப்பமிடுவர். அந்தச் சீட்டு என் மேசைக்கு வரும். நான் பேரேட்டில் ஏற்றுவேன். நன்றாக ஆடிய சீட்டுகள் வரவர, குழு அவருடைய சலுகையைக் குறைக்கும். மோசமான சீட்டுகள் வந்தால் கூட்டும்.

கையொப்பத்தின் கனத்தை எனக்கு முதலில் சொன்னவர் எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த முதியவர். வேலையை ஒப்படைத்த அன்று அவர் சொன்ன கதை 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியைப் பற்றியது. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் அற்புதமாக ஆடினார். அன்று அவருக்கு நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். பதினேழாவது குழியை மூன்று அடியில் முடித்தார். உடன் ஆடிய டாமி ஆரன் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனியாமல் கையொப்பமிட்டார். கூட்டமெல்லாம் பார்த்தது, தொலைக்காட்சியும் காட்டியது. இருந்தும் விதிப்படி சீட்டில் உள்ள கூடுதல் எண்ணே நிலைத்தது. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று மறுநாள் மீண்டும் மோதியிருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றார். எண்ணைக் குறைத்து எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டிருப்பார். "இவ்வளவு கொடுமையான விதி எதற்கு?" என்று கேட்டேன். "எல்லாருடைய கண்ணும் எல்லா இடத்திலும் இருக்க முடியாது தம்பி, எழுத்துதான் இருக்க முடியும்" என்றார் முதியவர். அப்போது அது எனக்கு வெறும் அலுவலகப் பேச்சாகவே பட்டது.

சில ஆண்டுகளில் மனிதர்களை அவர்களுடைய சீட்டுகளின் வழியாகவே அறிந்துகொண்டேன். இரண்டு வகைப் பொய்கள் உண்டு. ஒன்று வீம்புப் பொய். தாம் தேர்ந்த ஆட்டக்காரர் என்று பிறர் எண்ண வேண்டும் என்பதற்காக நல்ல சீட்டுகளை மட்டும் தருவார்கள். மோசமானவை சட்டைப்பையிலேயே மடிந்துவிடும். காகிதத்தில் ஒன்பது என்றிருக்கும். திடலில் இறங்கினால் பந்து குளத்தைத் தேடிப் போகும். இவர்களால் இழப்பு இவர்களுக்கு மட்டுமே. எனவே இவர்கள்மேல் எனக்கு ஒரு பரிவு கூட உண்டு. மற்றது இதற்கு நேர்மாறு. நல்ல சீட்டை மறைத்து, சலுகையைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, கோப்பை நாளில் தம் முழுத் திறமையையும் காட்டுவது. மணல்மூட்டைக்காரர் என்று அவர்களுக்குப் பெயர். சாதுவாகத் தோன்றும் மணல்பையைக் கொண்டு பின்னாலிருந்து அடிக்கும் வழிப்பறிக்காரரிடமிருந்து வந்த பெயர் என்பார்கள். இந்தப் பொய்யில் களவு போவது பிறருடைய பொருள்.

அந்தக் களவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

1987ஆம் ஆண்டு. உறுப்பினர் ஒருவர், கட்டட ஒப்பந்தக்காரர், என்னிடம் மிகவும் அன்பு பாராட்டியவர். என் மூத்த மகளுக்கு ஐந்து வயது. பெங்களூரில் ஒரு நல்ல பள்ளியில் இடம் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிதன்று. நான் கேட்கவில்லை, அவரே விசாரித்து, அவரே பேசி, இடம் வாங்கித் தந்தார். அந்த ஜூன் மாதம் முதல் என் மகள் அந்தப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தாள்.

ஆண்டுக் கோப்பைக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு புதன்கிழமை மாலை அவர் சீட்டைக் கொண்டு வந்து வைத்தார். எண்பத்தொன்று. அவருடைய சலுகை பதினெட்டு. கழித்தால் அறுபத்துமூன்று. இப்படி ஒரு சீட்டு வந்தால் குழு அவருடைய சலுகையை இரண்டடியாவது குறைக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அது சும்மா பழகுறதுக்கு ஆடினது'ப்பா. ஏத்த வேண்டாம்" என்றார். பிறகு, "பாப்பா பள்ளிக்கூடம் ஒழுங்கா போறாளா?" என்று கேட்டார்.

இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுக் கேட்டாரா, இயல்பாகக் கேட்டாரா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை. போறாள் சார் என்றேன். சீட்டை மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டேன். வழக்கமாக ஒவ்வொரு சீட்டிலும் கையொப்பங்களைச் சரிபார்ப்பேன். பதியப்போவதில்லை என்று முடிவான சீட்டைச் சரிபார்க்க என்ன இருக்கிறது?

கோப்பை நாள் வந்தது. ஒப்பந்தக்காரர் எண்பத்தைந்து அடியில் முடித்தார். பதினெட்டைக் கழிக்க அறுபத்தேழு. இரண்டாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர். அறுபது வயதைத் தாண்டியவர். சலுகை பன்னிரண்டு. அவர் எண்பதில் முடித்தார், கழிக்க அறுபத்தெட்டு. ஓர் அடியில் கோப்பை கைநழுவியது. கைதட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், நானும் பித்தளைக் கோப்பையைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன்.

இருட்டும் வேளையில் கேடிகளுக்குக் கூலி எண்ணிக்கொண்டிருந்தபோது, அதிகாரிக்குப் பை தூக்கியவர் கடைசியாக வந்து நின்றார். பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர், என்னிலும் பத்து வயது மூத்தவர், ஊர்ப்பாசம் உள்ளவர். பதினான்காவது குழியில் நடந்ததைச் சொன்னார். பந்து மரங்களுக்குள் உயரமான புல்லில் கிடந்தது. மற்றவர்கள் வெகுதூரத்தில் நின்றார்கள். அதிகாரி மட்டையைப் பந்தின் பின்னால் தரையில் வைத்ததும் பந்து ஒரு விரலளவு அசைந்து அமர்ந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. கேடி மட்டும் பார்த்தார்; அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி நிமிர்ந்து, சீட்டு வைத்திருந்தவரை உரக்க அழைத்து, "எனக்கு ஓர் அடி சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றாராம்.

"அந்த ஓரடி இல்லேன்னா சமமா வந்திருப்பாரு, தம்பி" என்றார். கூலியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். போகிறவர் போலத் திரும்பி, தாழ்ந்த குரலில், "அன்னிக்குப் புதன்கிழமை எண்பத்தொண்ணு ஆடினாரே, அது எங்கே தம்பி போச்சு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலுக்கு நிற்கவில்லை.

புகழ்பெற்ற பாபி ஜோன்ஸ் 1925இல் அமெரிக்க ஓபன் போட்டியில் செய்ததும் இதேதான் என்பதைப் பின்னாளில் கழகத்து நூலகத்தில் படித்தேன். வூஸ்டர் நகரத் திடலில், முதல் சுற்றில், பதினோராவது குழியருகே புல்லில் கிடந்த பந்து அவருடைய மட்டை பட்டு அசைந்தது என்று அவரே சொன்னார். வேறு எவரும் பார்க்கவில்லை. தமக்கே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை. மறுமோதலில் ஓர் அடியில் தோல்வி. அவரைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். நல்ல பதில்தான். ஆனால் அவர் தோற்றபோது எதிரில் நின்றவர் நேர்மையாக வென்றார். எங்கள் அதிகாரிக்கு அந்த ஆறுதலும் இல்லை. எண்பத்தொன்று பதியப்பட்டிருந்தால் ஒப்பந்தக்காரர் பதினாறோடு இறங்கியிருப்பார், அறுபத்தொன்பது ஆகியிருக்கும், தண்ட அடியோடும் கூட அதிகாரியே வென்றிருப்பார். இந்தக் கணக்கை அந்த ஞாயிறு இரவில் எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் வேறு யாரும் வருவதற்கு முன், இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்தேன். பேரேட்டில் அவருடைய பக்கத்தைத் திறந்து, இரண்டு வரிகளுக்கு இடையில், சிறிய எழுத்தில், புதன்கிழமையின் தேதியிட்டு எண்பத்தொன்று என்று ஏற்றினேன். மை வேறு நிறமாக இருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சீட்டில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பழக்கத்தில் கண் கீழே போனது. உடன் ஆடி எண்களைக் குறித்தவர் என்ற இடத்தில், பென்சிலால், இராணுவத்தில் பழகிய நேரான எழுத்தில், அந்த அதிகாரியின் பெயர்.

அவர்தாம் அந்த எண்பத்தொன்றைக் கையால் எழுதியவர். கோப்பை நாளன்று அறிவிப்புப் பலகையில் ஒப்பந்தக்காரரின் பெயருக்கு நேராகப் பதினெட்டு என்று நான் எழுதி ஒட்டியதைப் பார்த்துவிட்டே அவர் ஆடச் சென்றிருக்க வேண்டும். பார்த்துவிட்டு, பதினான்காவது குழியில் தம்மேல் ஓர் அடியும் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் குழு ஒப்பந்தக்காரரின் சலுகையைப் பதினாறாக்கியது. எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர் மட்டும் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரவில்லை. பள்ளியில் என் மகளின் இடத்துக்கு ஒன்றும் நேரவில்லை. அவ்வளவு தூரம் போகிறவர் அல்லர் அவர். கோப்பை அவர் வீட்டிலேயே இருந்தது. என் வேலை என்னிடமே இருந்தது. உண்மையைப் பதிந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யாருக்கு அது தேவைப்பட்டதோ அந்த நாள் கழிந்த பிறகு பதிந்தேன். செயலரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகளின் பள்ளிச் சீருடை கொடியில் உலர்ந்துகொண்டிருந்ததை இதற்குக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்வேன்.

இப்போது முறைகள் மாறிவிட்டன. 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹாண்டிகாப் முறை நடைமுறைக்கு வந்தது. ஒருவர் ஆடிய கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியே அவருடைய எண். திடலின் கடுமைக்கேற்ப ஒவ்வோர் ஆட்டத்தையும் முதலில் சரிக்கட்டிக்கொள்வார்கள். பழைய பழக்கத்தில் நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். சிறந்த எட்டில் ஆறு என்று இருக்கும் ஓர் ஆட்டத்தை மறைத்தால், அதன் இடத்துக்கு ஒன்பதாவது ஆட்டம் வரும். அது பதினான்கு என்று வைத்துக்கொண்டால், எட்டின் வேறுபாட்டை எட்டால் வகுக்க, எண் சரியாக ஒன்று கூடும். ஒரே ஒரு சீட்டு, ஓர் அடி. எண்களைக் கைப்பேசியிலேயே ஆட்டக்காரர் ஏற்றுகிறார். கணினி கணக்குப் போடுகிறது. சக ஆட்டக்காரர்கள் பார்த்து ஐயம் எழுப்பலாம். இழுப்பறை வைத்த எழுத்தர் தேவையில்லை. ஆனால் ஆடியதை ஏற்ற வேண்டிய விரல் இன்னும் மனிதருடையதே.

2013இல் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பினேன். இங்கே ஒரு செய்தி என்னைச் சங்கடப்படுத்தியது. அசோகனின் பாறைக் கல்வெட்டு தென்னாட்டு அரசர்களைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்றும் சிலரைச் சொல்கிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழி எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அந்தப் பட்டம் இருந்தது. ஆக, எங்கள் ஊரின் பெயருக்குரிய குடியினரே சத்தியபுத்திரர். வாய்மையின் மக்கள் என்று சிலர் பொருள் கொள்வர். 'அதிய' என்ற தமிழ்ச் சொல்லே 'சதிய' என்று திரிந்தது, வாய்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கமே வசதியாக இருக்கிறது. கோட்டத்துப் பக்கம் நடக்கப் போகும்போது, நெல்லிக்கனியின் பெருமையைச் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்த அந்த அரசனின் சிலையைக் கடந்துதான் போக வேண்டும். அவனும் ஒன்றை வாய்திறந்து சொல்லாமல் இருந்தவன்தான்; அந்த மௌனம் வேறு.

2022இல் மகள் வீட்டுக்குப் பெங்களூர் சென்றபோது, அவளுக்கு இதையெல்லாம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பள்ளியில் படித்தது நான்தானே அப்பா. அப்படியானால் அதில் எனக்கும் பங்கா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். சொன்ன வேகத்தில் அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் என்னைக் கழகத்துக்கு அழைத்துச் சென்றாள். வாசலில் இருந்த இளைஞனுக்கு என்னைத் தெரியவில்லை. பழைய பணியாளர் என்றதும் உள்ளே விட்டான். பேரேடுகளைப் பற்றிக் கேட்டேன். கணினி வந்தபோதே எடைக்குப் போட்டுவிட்டார்களாம். வேறு நிற மையில் நான் எழுதிய வரியும் அதோடு போய்விட்டது. கூடத்தில் கோப்பை வென்றவர்களின் பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. தேக்கு மரத்தில் பொன்னெழுத்து. 1987க்கு நேராக ஒப்பந்தக்காரரின் பெயர். அதிகாரியின் பெயரை மேலிருந்து கீழாக மகளோடு சேர்ந்து தேடினேன். எந்த ஆண்டிலும் இல்லை.

சீட்டு என்னிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற அன்று எடுத்து வந்தேன். எடுத்து வந்தது முறையா என்று கேட்டால் முறையன்று. அதியமான்கோட்டை வீட்டில், தகரப் பெட்டியில், நிலப்பத்திரங்களுக்கு அடியில் கிடக்கிறது. பென்சில் எழுத்து இன்னும் மங்கவில்லை.

அந்த அதிகாரி அதன்பின் மேலும் ஆறேழு ஆண்டுகள் ஆட வந்தார். என்னைக் கண்டால் எப்போதும்போல் வணக்கம் சொல்வார்; மகளைப் பற்றி விசாரிப்பார். ஆட்டம் முடிந்து சீட்டை என் மேசையில் வைத்த பிறகு, உடனே போக மாட்டார். நான் பேரேட்டைத் திறந்து, அவருடைய பக்கத்தை எடுத்து, எண்ணை எழுதி முடிக்கும்வரை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். மை உலர்ந்ததும் நன்றி சொல்லிப் போவார். 1987க்கு முன்பும் அவர் அப்படி நின்றாரா என்பதை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றுவிட்டேன், எனக்கு நினைவில்லை.